வூலானின் விசாவும் அண்டாவுக்குள் போன செல்போன்களும்

ஜூஜுவாடியில் முனவர் பேகத்திடம் பாத்திரம் வாடகைக்கு எடுக்காமல் ஒரு கல்யாணம் நடந்துவிட முடியாது. தப்பித் தவறி நடந்திருந்தால் அந்தப் பிரியாணி அடிபிடித்திருக்கும். இது முனவர் பேகமே சொல்லிக்கொள்வது. மறுத்துப் பேச அந்தத் தெருவில் ஆள் இல்லை.

கர்நாடகத்துக்குள் நுழைய லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கும் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், பஞ்சர் கடையை ஒட்டி அவளுடைய ஷட்டர். உள்ளே ஆள் உட்காரலாம் போன்ற அண்டாக்கள், நீளக் கரண்டிகள், சுருட்டிவைத்த ஜமக்காளங்கள். வாசலில் ஒரு நாற்காலி, நாற்காலியில் அவள். பாத்திரம் எடுக்க வருகிறவர் தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும் கன்னடம் பேசினாலும் சட்டம் ஒன்றுதான்: புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்துத்தான் திருப்பித் தரவேண்டும். ஒரு வீட்டார் எண்ணெய்ப் பிசுக்கோடு கொண்டுவந்து இறக்கினார்கள். அப்படியே வண்டியில் திரும்ப ஏற்றினாள். கடைசியில் புது மாப்பிள்ளையே வந்து, கழுத்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உட்கார்ந்து தேய்த்தான். இன்றைக்கும் அவன் அந்த வழியாகப் போனால் வண்டியை மெதுவாக்கி ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் போவான்.

இப்படிப்பட்டவளுக்குப் புருஷனாக வாய்த்தவர் லால் பாஷா. கம்பெனிகளில் கழித்துப் போடும் மரப் பலகைகளை வாங்கி விற்கிறவர். வாயைத் திறந்தால் செலவு என்று நினைக்கிறவர். ஒரே மகன் அதீப், மெஷின் வேலை படித்து, ஊத்தங்கரைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தான். அங்கேதான் வூலான் வந்தாள்.

வூலான் இந்தோனேசியாக்காரி. ஜாவா தீவில் சலாத்திகா என்று ஒரு மலையடிவார ஊர். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு அங்கே ஷூ தைக்கிற வேலைக்குப் போய், தையல் லைன் முழுவதையும் கற்றுக்கொண்டு, இங்கே புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பப்பட்டவள். பாஸ்போர்ட்டில் ஸ்ரீ வூலாந்தாரி என்று இருக்கும். முஸ்லிம் பெண்ணுக்கு எப்படி ஸ்ரீ வந்தது என்று தெருவே கேட்டது. அவள் ஊரில் அது சாதாரணப் பெயராம். தமிழ் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது சாமல்பட்டியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள். அதனால் ஜாவாவில் பிறந்தவள் வாயில் ஊத்தங்கரை மண்ணு மணக்கும். ஊசி ஒடிந்தால் "ஐயோ சாமி, கெட்டுது குடி!" என்பாள். முனவர் பேகம் முதன்முதலில் அதைக் கேட்டபோது "அல்லான்னு சொல்லுடி" என்றாள். "அல்லா, கெட்டுது குடி!" என்றாள் வூலான். அந்த நிமிஷமே முனவர் பேகத்துக்கு அவளைப் பிடித்துப்போனது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மெஷின் பழுது பார்க்கப் போன அதீபுக்கு வூலானின் லைன் மெஷின் மட்டும் அடிக்கடி பழுதானது. வேறு விவரம் தேவையில்லை. பிறகு அதீபுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்துப் போனான். ஒரு வருஷம் கழித்து லீவில் வந்தான், நிக்காஹ் நடந்தது, லீவு முடிந்து திரும்பினான்.

அந்தக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

முனவர் பேகத்தின் அக்கா மகள் கல்யாணம் அதற்கு முன்னால் கிருஷ்ணகிரியில் நடந்திருந்தது. பெண்ணை அலங்காரம் செய்துகொண்டிருக்கும்போதே யாரோ ஒருத்தி செல்போனில் படம் எடுத்து, அது வாட்ஸப்பில் ஏறி, மாப்பிள்ளையின் துபாய்ச் சித்தப்பா வரைக்கும் போய், "மூக்கு கொஞ்சம் பெருசா தெரியுதே" என்று அங்கிருந்து பதிலும் வந்துவிட்டது. மண்டபத்தில் இருந்த மாப்பிள்ளை அதுவரைக்கும் பெண்ணின் முகம் பார்க்கவில்லை. பெண் அழுத அழுகையில் மை கரைந்து, மறுபடி முதலிலிருந்து அலங்காரம். அன்றைக்கு முனவர் பேகம் ஒரு முடிவு எடுத்தாள். அவள் முடிவு எடுத்தால் எடுத்ததுதான்.

அதீபின் கல்யாணத்தில் பெண்கள் பக்க வாசலில் ஒரு பிரியாணி அண்டாவை வைத்தாள். உள்ளே வருகிற ஒவ்வொருத்தியும் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும். எதிர்வீட்டு ருக்மணி, பக்கத்து நாராயணம்மா, கம்பெனிப் பெண்கள், சொந்தக்காரிகள் என்று எல்லோருடைய போனும் உள்ளே போனது. புகைப்படக்காரர் ராஜேஷ்குமாருக்கு ஆண்கள் பக்கம் மட்டும்தான் அனுமதி.

நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையைப் பெண்கள் பக்கம் அழைத்துவந்தார்கள். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, தலைக்கு மேல் சிவப்புத் துணியைப் பந்தல் மாதிரி விரித்துப் பிடித்து, எதிரே கண்ணாடி காட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். மாப்பிள்ளை முகத்தை மறைக்கும் மல்லிகைச் சரத்தையும் பெண்ணின் முக்காட்டையும் விலக்கினால், இருவரும் ஒருவரை ஒருவர் முதலில் கண்ணாடியில்தான் பார்க்கவேண்டும். கண்ணாடியைப் பிடித்தது முனவர் பேகம். வருஷக்கணக்கில் ஒரே கம்பெனியில் பார்த்த முகம்தான். ஆனாலும் அதீப் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வாய் திறந்தபடியே இருந்தான். அந்த நேரம் பார்த்து தம்ரூட் இனிப்புத் தட்டோடு வந்த லால் பாஷாவைக்கூட "ஆம்பளைங்க இங்க எதுக்கு?" என்று திரைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு கட்டுப்பாடு.

அதீப் போனபிறகு வூலான் மாமியாரோடு ஜூஜுவாடியில் இருந்தாள். அவள் தன் ஊர் மிளகாய்ச் சம்பல் அரைத்தால் தெருக்கோடி வரைக்கும் தும்மல் கேட்கும். முனவர் பேகம் அதைத் தயிர்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள். அவனிடம் போவதற்குத் தேவையான ஜெர்மன் மொழி முதல்படிப் பரீட்சைக்கு வூலான் படித்தது கடையில், கரண்டி துடைத்துக்கொண்டே. கேட்டுக் கேட்டு முனவர் பேகத்துக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. காலையில் பால்காரனைப் பார்த்து "குட்டன் மோர்கன்" என்பாள். அவன் பயந்துபோய் அன்றைக்கு மட்டும் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவான்.

பரீட்சையில் தேறியதும் இரண்டு பேரும் ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், பேக்கரி மாடியில் இருக்கும் சுப்ரியாவைப் பார்க்கப் போனார்கள். வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பம் தயார் செய்துகொடுக்கும் பெண் அவள். கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரையும் அவசரப்படுத்தாமல் பேசுவாள்.

"அம்மா, மொதல்ல ஒண்ணு. இவங்க வச்சிருக்கிறது இந்தோனேசியா பாஸ்போர்ட். சில நாட்டுக்காரங்க ஜெர்மனியில நேரா போயி எறங்கிட்டு, அப்பால தங்குறதுக்கு அனுமதி கேக்கலாம். இவங்களுக்கு அது இல்ல. விசாவ இங்கியே வாங்கிக்கினுதான் ஏறணும்."

"இங்கன்னா? அவ நாட்டுக்குப் போயி கேக்கணுமா?"

"அங்கியும் கேக்கலாம். ஆனா இவங்க இங்க முறைப்படி அனுமதியோட பல வருஷமா இருக்காங்க இல்ல, அதனால இங்கியே கேக்கலாம்."

"அப்ப பெங்களூரு. பஸ் ஏறுனா போயிடலாம்."

"பெங்களூரு இல்லம்மா. உங்க வூடு தமிழ்நாட்டுக்குள்ள இருக்குது. சென்னைக்குத்தான் போவணும்."

முனவர் பேகத்துக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் பெங்களூரை வைத்துக்கொண்டு, ராத்திரி பூராவும் பஸ்ஸில் உட்கார்ந்து சென்னைக்குப் போகச் சொல்கிறவன் எவன் என்று கேட்டாள். சுப்ரியா சிரித்துவிட்டு, எந்தெந்த வழியில் போகலாம் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"சொந்தமா வேலை விசா கேக்கலாம். ஆனா இவங்க படிப்பும் பயிற்சியும் அந்த நாட்டுப் படிப்புக்குச் சமம்னு அவங்க ஒத்துக்கணும். ஜாவாவுலருந்து சர்டிபிகேட் எல்லாம் வரவழைக்கணும், நாளாகும். இல்லன்னா வாய்ப்பு அட்டைன்னு ஒண்ணு இருக்குது. வேலை கையில இல்லாமலே போயி, அங்க தேடிக்கலாம். அதுக்கும் படிப்பு, பாஷை, அனுபவம் எல்லாம் பார்த்து மார்க் போடுவாங்க. படிக்கப் போறதுன்னா ஸ்டூடண்ட் விசா. இன்னொண்ணு, ஒரு குடும்பத்தோட தங்கி கொழந்தைங்களப் பார்த்துக்கறது. அதுக்கு சின்ன வயசா இருக்கணும், கல்யாணம் ஆகாதவங்களா இருக்கணும்."

"கல்யாணம் ஆவாதவளா?" முனவர் பேகம் நாற்காலியில் நிமிர்ந்தாள். "அந்தப் பேச்ச அப்படியே மூட்டை கட்டி வையி. அப்புறம்?"

"அப்புறம், புருஷன் அங்க வேலையில இருக்காரு. மனைவியா சேர்ந்து வாழப் போறதுக்கு குடும்ப விசா."

"அதான் வழி. மத்ததெல்லாம் எதுக்குச் சொல்லி மூச்ச வீணாக்குற?"

வூலான் மெதுவாக, "மாமி, எனக்குக் கைத்தொழில் தெரியும். வேலை விசாவுல போனாலும் தப்பில்லியே. நான் வூட்டுல சும்மா ஒக்காந்தா கிறுக்குப் புடிச்சிரும்" என்றாள்.

"குடும்ப விசாவுல போனாலும் அங்க வேலைக்குப் போகலாம்க்கா" என்றாள் சுப்ரியா.

"கேட்டுக்கினியா? என் வூட்டு மருமக என் வூட்டு மருமகளாத்தான் போவணும். அங்க போயி ஷூ தைக்கிறியோ, மாவு ஆட்டுறியோ, அது உன் இஷ்டம்."

அப்படித்தான் முடிவானது. சென்னைக்குப் போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டு, வரும்போது மறக்காமல் மாமியாருக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் வாங்கிவந்தாள் வூலான். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு சுப்ரியாவிடமிருந்து போன் வந்தது. தூதரகத்தில் கூடுதல் ஆதாரம் கேட்கிறார்கள். மணமக்கள் இருவரும் சேர்ந்து, குடும்பத்தாரோடு இருக்கிற கல்யாணப் படங்கள் வேண்டும். மாசக் கடைசிக்குள் அனுப்பவேண்டும்.

"படம்தானே, ராஜேஷ்குமாரு எடுத்தாரே" என்றாள் முனவர் பேகம்.

ராஜேஷ்குமார் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதில் பள்ளிவாசல் இருந்தது, நிக்காஹ் ஓதிவைத்த ஹஜ்ரத் இருந்தார், லால் பாஷாவின் மரப்பலகைக் கூட்டாளிகள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஜாவாவிலிருந்து வீடியோவில் சம்மதம் சொன்ன வூலானின் அப்பாவும் ஹஜ்ரத்தின் தாடிக்கு முன்னால் நீட்டிய போனில் ஒரு சின்னச் சதுரமாக இருந்தார். எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை இருந்தான். ஆனால் மல்லிகைச் சரம் நெஞ்சு வரை தொங்கியது. உள்ளே அதீப் இருக்கிறானா ஆட்டுக்கல் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. பெண் வண்டி ஏறும்போது எடுத்த ஒரே படத்தில் வூலான் தலையிலிருந்து கால்வரை சிவப்புத் துணி. இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற படமும் அது ஒன்றுதான். ஒரு பூக்குவியலும் ஒரு துணிமூட்டையும்.

"கல்யாணம் முடிஞ்ச அப்புறம் எடுத்த செல்ஃபி நெறைய இருக்குதே" என்றாள் வூலான்.

"அனுப்பலாம்" என்றாள் சுப்ரியா போனில். "ஆனா செல்ஃபி யாரு வேணா யாரு கூட வேணா எடுக்கலாம்னு நெனப்பாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு மாசம்கூட சேர்ந்து இருக்கல. அதனாலதான் நிஜக் கல்யாணமான்னு பாக்கறாங்க. வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கணும்க்கா. எப்படியும் ஒரு வருஷம் போயிடும்."

வூலான் போனை வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்துத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கரண்டி அது. முனவர் பேகம் அதைப் பார்த்துவிட்டாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் வழக்கமாக வாய் திறக்காத லால் பாஷா திறந்தார். "முனவரு, நான் ஒண்ணு சொல்றேன். அதீப்ப ரெண்டு நாளு லீவு போட்டு வரச்சொல்லி, மறுபடி ஒரு கல்யாணம் மாதிரி வச்சி, படம் எடுத்துட்டா?"

"ஒரு புள்ளைக்கு எத்தினி தடவ நிக்காஹ் பண்ணுவீங்க? பேசாம சாப்புடுங்க."

அவர் ஏதோ சொல்ல வந்து, இருமி, தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார். கையலம்புகிற இடத்தில் ரொம்ப நேரம் நின்றார்.

ராஜேஷ்குமாருக்கு வேறு யோசனை இருந்தது. "பேகம்மா, ரெண்டு பேரு மூஞ்சியும் தனித்தனியா குடுங்க. கம்ப்யூட்டர்ல ஒட்டிடறேன். பின்னாடி பனிமலைகூட வெக்கலாம்."

"ஜூஜுவாடியில ஏதுய்யா பனிமலை?"

"அப்ப மண்டபம் வெக்கலாம்."

முனவர் பேகம் ஒரு கணம் தடுமாறினாள். உண்மைதான், மனசு அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தது. வூலான்தான் குறுக்கே வந்தாள். "வேணாம் மாமி. நான் நெஜமா கல்யாணம் பண்ணவ. பொய்ப்படம் குடுத்து எதுக்குத் திருடி மாதிரி போவணும்?"

"அதான் நானும் சொல்ல வந்தேன்" என்றாள் முனவர் பேகம்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. அந்தக் கண்ணாடிச் சடங்கின்போது உள்ளே இருந்த பெண்களில் யாராவது ஒருத்தி கட்டளையை மீறி, போனை ஒளித்துவைத்து, படம் எடுத்திருக்கவேண்டும். முனவர் பேகம் தன் வாழ்நாளில் முதல்முறையாக, தன் பேச்சை யாராவது கேட்காமல் இருந்திருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

முதலில் நாராயணம்மா வீட்டுக்குப் போனாள். "ஏம்மா, எங்க வூட்டுக் கல்யாணத்துல நீ படம் கிடம் எடுத்தியா?"

நாராயணம்மா நெஞ்சில் கைவைத்தாள். "ஐயோ தேவுடா! நான் எடுப்பனா அக்கா? நீ சொன்னப்பறம்? என் போனு உன் அண்டாவுலதானே கெடந்துச்சு!"

அடுத்த வீட்டிலும் அதே பேச்சு. அதற்கடுத்த வீட்டில் சத்தியமே செய்தார்கள். தெருவே இவ்வளவு ஒழுக்கமாக இருந்தது அவளுக்குத் தெரியாமல் போயிற்றே என்று எரிச்சலாக வந்தது. கடைசியில் எதிர்வீட்டு ருக்மணி, அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்:

"எடுத்திருந்தாலும் யாரு சொல்லுவா? போன வருஷம் ஒருத்தி உன் கரண்டிய வளைச்சிட்டான்னு அவங்க வூட்டுக் காதுகுத்துக்கே பாத்திரம் இல்லன்னுட்ட. நாளைக்கு எம் பொண்ணு கல்யாணத்துக்கு நான் உன்கிட்டதான வந்து நிக்கணும்?"

"அதுக்கும் இதுக்கும் என்னாடி?"

"இருக்கு. இன்னொண்ணும் சொல்றேன், கோவப்படாத பேகமக்கா. மருமவள அனுப்ப மனசில்லாம நீயேதான் படத்தை ஒளிச்சு வச்சிருக்கன்னு ரெண்டு பேரு பேசிக்கினாங்க."

முனவர் பேகம் சுருக்கென்று எழுந்து வந்துவிட்டாள். கோபம் பொய்யென்பதால் வரவில்லை. பாதி உண்மை என்பதால் வந்தது. வூலான் போனால் சம்பல் யார் அரைப்பது, "கெட்டுது குடி" என்று யார் சொல்வது என்று அவள் நினைக்காத நாள் இல்லை. ஆனால் நினைப்பது வேறு, தடுப்பது வேறு. தடுத்தவள் என்ற பெயர் தனக்கு ஆகாது.

மறுநாள் காலையில் கடை வாசலில் அந்த அண்டாவையே தூக்கிவைத்தாள். கல்யாணத்தன்று வாசலில் நின்ற அதே அண்டா. தெருவே கேட்கும்படி சொன்னாள்:

"கேட்டுக்குங்க. எம் மருமக போறதுக்கு கல்யாணப் படம் வேணும். யாருகிட்டனா இருந்தா, போன இந்த அண்டாவுல போட்டுட்டுப் போங்க. வூலான் படத்த எடுத்துக்கினு, சாயங்காலம் போன இங்கியே வெச்சிடுவா. நான் உள்ள செவுத்தப் பார்த்து ஒக்காந்திருப்பேன். யாருதுன்னு பாக்க மாட்டேன், கேக்க மாட்டேன். பாத்திரமும் இல்லன்னு சொல்ல மாட்டேன். அல்லா மேல ஆணை."

சொன்னபடியே நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றும் கிடையாது. பழைய காலண்டர் ஆணி ஒன்று மட்டும்.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நெடுஞ்சாலையில் லாரி ஹார்ன் மட்டும். பிறகு யாரோ பதுங்கிப் பதுங்கி வரும் சத்தம். டங்.

முனவர் பேகத்தின் முதுகு நிமிர்ந்தது. கொலுசுச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, அது ருக்மணியின் மகள். பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஒரு இருமல், ஒரு டங். அதற்குப் பிறகு இரண்டு பேர் குசுகுசுவென்று பேசிக்கொண்டே வந்து டங், டங். பிறகு நிற்கவேயில்லை. கல்யாணத்தன்று விழுந்ததை விட அதிகமாக விழுவது போல இருந்தது. அண்டாவுக்குள்ளேயே ஒரு போன் அடித்தது. வேங்கடேசப் பெருமாள் சுப்ரபாதம். நெஞ்சில் கைவைத்துத் தேவுடா என்று சொன்ன நாராயணம்மாவின் போன். முனவர் பேகம் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. வூலான் பயந்துபோய், "மாமி, அழறியா?" என்றாள்.

"இல்லடி. இந்தத் தெருவுல ஒருத்திகூட யோக்கியமில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அவ்வளவு பேரும் அன்னிக்கு அண்டாவுல என்னா போட்டாங்க?"

"பழைய போனு, ஒடைஞ்ச போனு, பேட்டரி இல்லாத போனு. நல்லத ஜாக்கெட்டுக்குள்ள வச்சிக்கினு என்னை ஏமாத்தியிருக்காளுங்க!"

சுப்ரியா பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவளும் வூலானும் ஜமக்காளத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு போனாகப் பார்த்தார்கள். படங்கள் ஏராளம், உருப்படியானது ஒன்றுமில்லை. ஒளித்துவைத்து எடுத்த படம் எப்படி இருக்கும்? ஒன்றில் யாருடைய கட்டைவிரலோ. ஒன்றில் பிரியாணித் தட்டு. ஒன்றில் பத்துப் பெண்களின் முதுகு, நடுவில் சிவப்புத் துணியின் ஓரம். ருக்மணி மகளுடைய போனில் தன்னுடைய மூஞ்சியே வரிசையாக இருந்தது. பின்னால் எங்கோ கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. சுப்ரியா முதலில் சிரித்தாள், போகப் போகச் சிரிப்பு குறைந்தது. வூலான் "சரி, விடுங்க" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அண்டாவின் அடியில் கடைசியாக ஒரு போன் கிடந்தது. மேலே விழுந்த போன்களுக்கெல்லாம் கீழே. அப்படியென்றால் முதல் ஆளாக, அவள் தெருவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோதே சத்தமில்லாமல் போட்டது. கண்ணாடி விரிசல் விட்டு, பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்டு சுற்றிய போன்.

வூலான் அதைத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரைச்சீலையின் இடுக்கு வழியாக, பின்னாலிருந்து எடுத்த படம். முன்னால் மணமக்களின் முதுகு. அவர்களுக்கு எதிரே முனவர் பேகம் இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணாடிக்குள் இரண்டு முகமும் தெளிவாக: மல்லிகைச் சரத்தை விலக்கிவிட்டு வாய்பிளந்து பார்க்கும் அதீப், வெட்கத்தில் கண்ணை இடுக்கிச் சிரிக்கும் வூலான். கண்ணாடிக்கு மேலே முனவர் பேகத்தின் முகம். அழுதுகொண்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டும் இருக்கிறாள். சுற்றிலும் தெருவே இருக்கிறது.

"இதுதான்!" என்று சுப்ரியா கத்தினாள். "மாப்பிள்ள, பொண்ணு, மாமியாரு, சொந்தக்காரங்க, எல்லாம் ஒரே படத்துல! இதுக்கு மேல என்ன வேணும்?"

முனவர் பேகம் கொடுத்த வாக்கை மறந்து திரும்பிவிட்டாள். படத்தைப் பார்த்தாள். தன் முகம் அப்படியும் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பிறகு அந்த ரப்பர் பேண்டைப் பார்த்தாள். அது மரப்பலகை ரசீதுகளைக் கட்டிவைக்கிற சிவப்பு ரப்பர் பேண்டு. வாயைத் திறந்தாள். வூலான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டு நாற்காலியை மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் லால் பாஷாவுக்குக் குழம்பு வந்தது, கறி வரவில்லை. அவர் கரண்டியால் கிண்டிப் பார்த்தார், உருளைக்கிழங்குதான் இருந்தது. ஏன் என்று கேட்கவில்லை. இவளும் ஏன் படம் எடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று சொன்னால் முனவர் பேகம் கேட்கமாட்டாள். நாலைந்து நாள் உருளைக்கிழங்கு ஓடியது. அதற்குப் பிறகு ஒருநாள் தட்டில் கறி இருந்தது, அதுவும் எலும்பில்லாத நல்ல கறி. லால் பாஷா அதைப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டார்.

படங்கள் போயின. கட்டைவிரல் படம் தவிர மற்றதையும் சுப்ரியா சேர்த்து அனுப்பினாள். ஒரு கல்யாணத்தை இத்தனை பேர் திருட்டுத்தனமாகப் படம் எடுத்திருந்தால் அது நிஜக் கல்யாணமாகத்தான் இருக்கும் என்றாள். காத்திருந்தார்கள். வூலான் கரண்டிகளைத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கலாம் போல ஆக்கிவிட்டாள். அப்புறம் ஒருநாள் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. உள்ளே விசா ஒட்டியிருந்தது. வூலான் தெருவில் நின்று, "அல்லா, கெட்டுது குடி!" என்று கத்தினாள். சந்தோஷத்துக்கும் அவளுக்கு அதே வார்த்தைதான். தெருவே வெளியில் வந்தது. நாராயணம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். முனவர் பேகம் அவளைப் பார்த்து, "சுப்ரபாதம் நல்லாயிருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

பெங்களூர் விமான நிலையத்துக்கு வேன் பிடித்துப் போனார்கள். ருக்மணியும் தொற்றிக்கொண்டாள். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திபெலேயைத் தாண்டுவதற்குள் முனவர் பேகம், அங்கே குளிர் அதிகம், காதை மூடிக்கொள், அவனுக்குச் சோற்றை அள்ளி வைக்காதே கேட்டால் மட்டும் வை, சம்பலில் புளி குறை, என்று அத்தனை சட்டங்களையும் சொல்லி முடித்துவிட்டாள். வூலான் எல்லாவற்றுக்கும் "சரி மாமி, சரி மாமி" என்றாள். மாமியாருக்கென்று ஒரு பாட்டில் சம்பலை ஏற்கெனவே வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு வந்திருந்தாள். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

உள்ளே போகும் வாசலில் வூலான் நின்றாள். "மாமி, ஒரே ஒரு படம். நீயும் நானும்."

ருக்மணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வேன்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். முனவர் பேகம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மருமகளை இடுப்போடு இழுத்து அணைத்துக்கொண்டு, ரப்பர் பேண்டு சுற்றிய போனோடு தயங்கி நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"எடுங்க. திரை ஒண்ணும் இல்ல இங்க, அதனால கை நடுங்கப் போவுது."

லால் பாஷாவுக்கு நிஜமாகவே கை நடுங்கிவிட்டது. படம் அசங்கித்தான் விழுந்தது. முனவர் பேகம் அதை இன்றைக்கும் கடையில், காலண்டர் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறாள். பாத்திரம் எடுக்க வருகிறவர்கள், படம் சரியாக இல்லையே என்றால், நல்லாத்தான் இருக்குது என்பாள்.